கோழி ‘தூங்குகிறதா’? வீட்டுக்கோழிகளுக்குக் குடற்புழு நீக்கம், படிப்படியாக

கொல்லையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழிகளை விட்டு வளர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் சில மாதங்கள் எல்லாம் நன்றாகத்தான் போகும். அப்புறம் ஒரு நாள் ஒரு பெட்டை இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி மூலையில் நிற்கும். ஊரில் இதைக் ‘கோழி தூங்குது’ என்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் பூச்சி மருந்து, அதாவது குடற்புழு மருந்து, கொடு என்பார்கள். தீவனக் கடையில் கேட்டால் ஆன்டிபயாடிக் பொட்டலம் ஒன்றை நீட்டுவார்கள். கைப்பேசியில் தேடினால் சின்ன வெங்காயம், மஞ்சள், மிளகு என்று வரும். இந்த மூன்றுக்கும் நடுவே நானும் நிறைய அலைந்தேன்.

தூங்கும் கோழிக்குக் காரணம் ஒன்றல்ல. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைத் தொடவே தொடாது. அதனால் மருந்தின் பெயரை விட, எதை முதலில் செய்வது என்பதுதான் முக்கியம். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். அளவுகளை உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை உறுதி செய்துகொண்டு கொடுங்கள்.

1. தூங்கும் கோழியைத் தனியே வையுங்கள்

நோய் என்னவென்று தெரியும் முன்பே செய்ய வேண்டியது இது. பஞ்சாரம் போதும், அட்டைப் பெட்டியும் போதும். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, தண்ணீரும் தீவனமும் தனியாக வையுங்கள். செய்தித்தாள் எதற்கென்றால், அந்தக் கோழியின் எச்சம் எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெளிவாகத் தெரியும். மற்ற கோழிகளுக்கு வேலை முடித்துவிட்டு கடைசியாக இதனிடம் போங்கள். போய்வந்த செருப்போடு கொட்டகைக்குள் நுழைய வேண்டாம்.

ஒரே நாளில் நான்கைந்து கோழிகள் சடசடவென்று செத்திருந்தால் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். செத்த கோழியை அறுத்துப் பார்ப்பதும், சமைப்பதும், பக்கத்துத் தோட்டத்தில் வீசுவதும் கூடாது. பறவைக் காய்ச்சலாக இருந்தால் மனிதருக்கும் ஆபத்து.

2. எச்சத்தைப் பாருங்கள்

அருவருப்பாக இருந்தாலும் பாதி விடை இங்கேதான் இருக்கிறது. நல்ல எச்சம் பழுப்பும் பச்சையும் கலந்து கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பியுடன் இருக்கும். அந்த வெள்ளை கோழியின் சிறுநீர் உப்பு, நோயல்ல.

புதியவர்கள் பயப்படும் ஒன்று உண்டு. எட்டுப் பத்து முறைக்கு ஒரு முறை கோழி கரும்பழுப்பாக, பசை போல, கடும் நாற்றத்துடன் போடும். அது குடலின் முட்டுப்பைகளிலிருந்து வருவது, முற்றிலும் இயல்பானது. இதைப் பார்த்துவிட்டு மருந்து வாங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

கவனிக்க வேண்டியவை வேறு. எச்சத்தில் வெள்ளை நூல் போல 2, 3 அங்குலப் புழு நெளிந்தால் அது உருண்டைப்புழு. அரிசிக் குருணை அளவில் தட்டையான வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருந்தால், சில நேரம் அவை அசையவும் செய்யும், அது நாடாப்புழுவின் கண்டங்கள். ரத்தம் கலந்திருந்தால் புழுவை மறந்துவிட்டு ரத்தக்கழிச்சலை நினையுங்கள். பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துப் போனால் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோயாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. எச்சத்தில் புழு தெரியவில்லை என்பதால் வயிற்றில் புழு இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். பெரும்பாலான புழுக்கள் குடலிலேயே இருக்கும், வெளியே வருவது கண்ணுக்குத் தெரியாத முட்டைகள்தான். முடிப்புழு என்ற வகை கோழியை அறுத்துப் பார்த்தாலும் எளிதில் கண்ணில் படாத அளவு மெலிந்தது.

3. வயதையும் வேகத்தையும் வைத்துப் பிரியுங்கள்

குடற்புழு மெதுவாக வேலை செய்யும். கோழி தின்னும், ஆனால் எடை ஏறாது. நெஞ்சைத் தடவினால் இருபுறமும் சதையில்லாமல் நடு எலும்பு கையில் உறுத்தும். கொண்டை வெளிறும், முட்டை குறையும். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் இழுக்கும் சமாச்சாரம் இது.

ரத்தக்கழிச்சல் பெரும்பாலும் 3 வாரத்திலிருந்து 8 வாரம் வரையுள்ள குஞ்சுகளைத் தாக்கும். இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் வரிசையாகப் போய்விடும். இது புழுவல்ல, குடல் சுவரைத் தின்னும் ஓரணு ஒட்டுண்ணி. அல்பென்டசோல் என்ற புழு மருந்தை எவ்வளவு ஊற்றினாலும் இது சாகாது.

வெள்ளைக்கழிச்சல் வயது பார்க்காது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் சில நாட்களிலேயே பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும். மூச்சிரைப்பு, கழுத்துத் திருகல், கால் இழுப்பு எல்லாம் கூடவே வரும். வைரஸ் நோய் என்பதால் வந்தபின் மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே வழி. இப்படி அறிகுறி உள்ள வீட்டில் புழு மருந்து கொடுத்து நாளைக் கடத்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் இழப்பு.

4. மருந்தகத்துக்கு என்ன கொண்டு போவது

அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கோழியைக் கொண்டுபோனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் அது என்று பலரும் தயங்குகிறார்கள். காலையிலேயே போய்விடுங்கள். பிற்பகலில் மருத்துவர் கிராமங்களுக்குக் கிளம்பியிருக்கலாம்.

வெறுங்கையோடு போனால் பொதுவான மருந்துச் சீட்டோடுதான் திரும்புவீர்கள். கொண்டு போக வேண்டியவை:

எச்ச மாதிரி. அன்று காலை போட்ட ஈரமான எச்சத்தை, நான்கைந்து கோழிகளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, மூடியுள்ள சின்ன டப்பாவில் எடுங்கள். முட்டுப்பை எச்சமும் சிறிது சேரட்டும். மண், உமி ஒட்டாமல் பாருங்கள். உடனே போக முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறைய விடக்கூடாது. டப்பாவின் மேல் தேதி, வயது, எத்தனை கோழி என்று எழுதி ஒட்டுங்கள்.

நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம். மொத்தக் கோழிகள், வயது, எத்தனை செத்தன, என்று ஆரம்பித்தது, கடைசியாக என்ன மருந்து எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், என்ன தடுப்பூசி போட்டீர்கள். மருத்துவர் கேட்கும் முதல் ஐந்து கேள்விக்கும் இதில் பதில் இருக்கும். ஏற்கெனவே வாங்கிய மருந்துப் பாட்டில்களையும் எடுத்துப் போங்கள்.

செத்த கோழி இருந்தால் அதுவும். செத்துச் சில மணி நேரத்துக்குள் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, ஐஸ் கட்டியோடு கொண்டுபோனால் பிரேதப் பரிசோதனையில் விடை கிடைக்கும். ராத்திரி முழுதும் வெயிற்காலத்தில் கிடந்த கோழியால் பயனில்லை, குடல்தான் முதலில் அழுகும்.

மருந்தகத்தில் எச்சப் பரிசோதனை வசதி இல்லையென்றால் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உப்புக் கரைசலில் எச்சத்தைக் கலக்கி, மேலே மிதந்து வரும் புழு முட்டைகளை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பார்ப்பது சிறிது நேர வேலைதான், காத்திருப்பது வரிசைக்காகத்தான். நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி இன்னும் வசதி. போக்குவரத்து வழியில்லாத ஊர் என்றால் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்டுப் பார்க்கலாம்.

5. புழுவுக்கேற்ற மருந்து

கடையில் ‘பூச்சி மருந்து’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் கையில் இருப்பதைத் தருவார்கள். பிப்பரசின் உருண்டைப்புழுவை மட்டுமே நன்றாக வெளியேற்றும், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அல்பென்டசோலும் ஃபென்பென்டசோலும் பல வகைப் புழுக்களுக்கு ஆகும். நாடாப்புழு உறுதியானால் பிராசிகுவான்டெல் நல்லது, அல்லது மருத்துவர் சொல்லும் கூடுதல் அளவில் அல்பென்டசோல். கோழி இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் காலத்தில் ஃபென்பென்டசோலைத் தவிர்ப்பது நல்லது, முளைக்கும் இறகு கோணலாக வரும்.

ஆன்டிபயாடிக் எந்தப் புழுவையும் கொல்லாது. கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த 2019-லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. பழைய சரக்கை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

நாட்டு மருந்தைப் பற்றிக் கேட்பீர்கள். வேப்பிலை, பாகற்காய், குப்பைமேனி எல்லாம் கொடுக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் நெஞ்செலும்பு துருத்தி நிற்கும் கோழிக்கு அதை மட்டும் நம்பி மூன்று வாரம் காத்திருப்பதை நான் ஒப்பமாட்டேன்.

6. அளவுக் கணக்கு

எல்லோரும் சறுக்கும் இடம் இது. ‘ஒரு கோழிக்கு ஒரு மூடி’ என்பது அளவே அல்ல. பாட்டிலில் சதவீதம் எழுதியிருக்கும். அல்பென்டசோல் கரைசல் 2.5 சதவீதத்திலும் வரும், 10 சதவீதத்திலும் வரும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளைப் பால்தான், ஆனால் இரண்டாவது நான்கு மடங்கு கடுமை.

கணக்கு இப்படி. 2.5 சதவீதம் என்றால் 1 மி.லி.யில் 25 மி.கி. மருந்து. உருண்டைப்புழுவுக்கு ஒரு கிலோ எடைக்கு 10 மி.கி. என்று மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோழி 1.5 கிலோ. தேவை 15 மி.கி. அதை 25-ஆல் வகுத்தால் 0.6 மி.லி. அவ்வளவுதான், ஒரு சின்ன சிரிஞ்சின் பாதியைச் சற்றே தாண்டும். அதே கோழிக்கு 10 சதவீதப் பாட்டிலிலிருந்து என்றால் 0.15 மி.லி. மட்டுமே. அவ்வளவு குறைவாக அளப்பது சிரமம், அதனால் பத்துக் கோழி வைத்திருப்பவர் 2.5 சதவீதப் பாட்டிலையே கேட்டு வாங்குங்கள்.

எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். சிறுவிடைப் பெட்டைக்கும் பெருவிடைச் சேவலுக்கும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும். கோழியைத் துணிப்பைக்குள் விட்டுத் தொங்கு தராசில் மாட்டுங்கள், இருட்டில் அது அடங்கிவிடும். தராசு இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கரைசல் 100 மி.லி. பாட்டில் ஏறக்குறைய நூறு ரூபாய், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 15 கோழிக்கு ஒரு முறைக்கு 9 மி.லி.தான் செலவாகிறது என்பதால் ஒரு பாட்டில் பல சுற்றுக்கு வரும். காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். பில்லை நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.

7. வாயில் கொடுப்பது

பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள். இருட்டியபின் கோழி அடைந்த இடத்திலேயே பிடிப்பது சுலபம். விடியற்காலை, திறந்துவிடும் முன்னும் சரி.

இரண்டு பேராகச் செய்யுங்கள். ஒருவர் கோழியை அக்குளில் இடுக்கி, இறக்கைகள் அசையாமல் அணைத்துக்கொள்ளட்டும். மற்றவர் தாடையைக் கீழே மெல்ல இழுத்தால் அலகு திறக்கும். நாக்கு தொடங்கும் இடத்தில், அதன் பின்பக்கம், திறந்து மூடும் ஒரு துளை தெரியும், அது மூச்சுக்குழல். மருந்து அதற்குள் போனால் கோழி அங்கேயே மூச்சுத் திணறும். அதனால் ஊசி மாட்டாத 1 மி.லி. சிரிஞ்சை அலகின் ஓரமாக விட்டு, சொட்டுச் சொட்டாக, விழுங்க நேரம் கொடுத்து விடுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து மடமடவென்று ஊற்றவே கூடாது. பாட்டிலைக் குலுக்காமல் எடுத்தால் மேலே தண்ணீரும் அடியில் மருந்தும் நிற்கும், ஒவ்வொரு நான்கைந்து கோழிக்கும் ஒரு முறை குலுக்குங்கள். கொடுத்த கோழியின் காலில் ஒரு நூல் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் கடைசியில் எது பாக்கி என்று தெரியாது.

குடிதண்ணீரில் கலக்கலாமா? அல்பென்டசோல் தண்ணீரில் கரையாமல் அடியில் படியும். முதலில் குடிப்பவை தண்ணீரைக் குடிக்கும், கடைசியில் வருபவை மருந்தைக் குடிக்கும். கூட்டம் பெரிது, பிடிக்க வழியில்லை என்றால் மொத்த அளவையும் காலையில் வெறும் வயிற்றில் தின்னும் கொஞ்சம் ஈரத் தீவனத்தில் பிசைந்து, எல்லாக் கோழிகளும் ஒரே நேரத்தில் தின்னும்படி நீளத் தட்டில் பரப்புங்கள். தூங்கும் கோழி தின்னாது, அதற்கு வாயில்தான்.

இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. முதல் மருந்துக்குத் தப்பிய இளம்புழுக்கள் அதற்குள் வளர்ந்திருக்கும். இந்த இரண்டாம் சுற்றை விட்டுவிடுபவர்கள்தான் ‘மருந்து வேலை செய்யலை’ என்பார்கள்.

8. குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் என்றால்

ஆம்ப்ரோலியம் தூள். 20 சதவீதத் தூளில் வழக்கமான சிகிச்சை அளவு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், 3 முதல் 5 நாள். பிறகு அதில் கால் பங்கு அளவில் ஒன்றிரண்டு வாரம். தினமும் புதிதாகக் கலக்குங்கள், அந்த நாட்களில் வேறு தண்ணீர் எங்கும் இருக்கக்கூடாது. ஆட்டுத் தொட்டி, தென்னை மரத்தடிக் குட்டை எல்லாம் கணக்கில் சேரும்.

இங்கே ஒரு பொறி. சோர்ந்த குஞ்சுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று பி காம்ப்ளக்ஸ் டானிக்கையும் கூடவே கலப்பார்கள். ஆம்ப்ரோலியம் அந்த ஒட்டுண்ணிக்குக் கிடைக்கும் தயமின் என்ற வைட்டமின் பி1-ஐத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. நீங்களே அதை ஊட்டினால் மருந்து வீண். டானிக் சிகிச்சை முடிந்தபின் கொடுங்கள்.

9. முட்டையும் கறியும்

மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையும் கறியும் உண்ணக்கூடாது என்பது லேபிளில் இருக்க வேண்டும். அந்த மருந்துக்குத் தனியாகக் காலம் நிர்ணயிக்கப்படவில்லை என்றால் முட்டைக்குக் குறைந்தது 7 நாள், கோழிக் கறிக்குக் குறைந்தது 28 நாள் என்பது இந்திய மருந்து விதி. முட்டை விற்பவர்கள் இதை மறைக்காதீர்கள். பண்டிகைக்குச் சேவல் வைத்திருப்பவர்கள் தேதியை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள்.

10. தரை

மருந்து கோழிக்குள் இருக்கும் புழுவை வெளியேற்றும். கொட்டகையில் கிடக்கும் முட்டைகளை ஒன்றும் செய்யாது. எச்சத்தோடு விழும் உருண்டைப்புழு முட்டை ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் இரண்டு வாரத்தில் தொற்றத் தயாராகும், ஈர நிழல் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணிக்கு ஒன்றிரண்டு நாளே போதும். வழக்கமான கிருமிநாசினி இதன் ஓட்டைத் துளைக்காது. தரையை நன்றாகக் காயவிடுவதும் வெயிலும்தான் இதைக் கொல்லும்.

ஆகவே மருந்து கொடுத்த மறுநாளும் அதற்கு மறுநாளும் கொட்டகையைச் சுரண்டி எடுங்கள், அப்போதுதான் மருந்தில் வெளியேறும் புழுவும் முட்டையும் போகும். அந்தக் குப்பையைக் கோழி கிளறாத இடத்தில் குவித்து மூடுங்கள். தரையில் சுண்ணாம்புத் தூள் தூவி, காய்ந்தபின் புது உமியோ கடலைத்தோலோ 2, 3 அங்குலம் பரப்புங்கள். தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் எப்போதும் ஈரம் இருக்கும். அதைச் செங்கல் மேல் ஏற்றி வைத்தாலே பாதிப் பிரச்சினை குறையும். நாடாப்புழுவை எறும்பு, ஈ, சாணி வண்டுதான் சுமந்து வருகின்றன, எனவே சாணிக் குவியல் கொட்டகைக்கு ஒட்டியிருக்க வேண்டாம். குஞ்சுகளைப் பெரிய கோழிகள் திரியும் அதே தரையில் விடாதீர்கள். வான்கோழியைக் கோழியோடு வளர்ப்பதும் வேண்டாம். கோழிக்குப் பெரிதாகத் தொல்லை தராத முட்டுப்பைப் புழு, வான்கோழியைக் கொல்லும் கருந்தலை நோயைச் சுமந்துவரும்.

11. எந்த மாதம் எதைச் செய்வது

முதல் குடற்புழு நீக்கம் குஞ்சுக்கு 6 முதல் 8 வாரத்தில். மேய்ச்சல் கோழிக்கு அதன்பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. முடிந்தால் எச்சத்தைப் பரிசோதித்துவிட்டுக் கொடுங்கள், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழு பழகிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதாவது செப்டம்பரில், ஒரு சுற்றைக் கண்டிப்பாக முடித்துவிடுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன் புழு நீக்கம் செய்வது வழக்கம். புழுவோடு மெலிந்து கிடக்கும் உடம்பில் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. தமிழ்நாட்டில் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் (இதே வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி இருவார முகாம் நடத்துகிறார்கள், ஆகவே ஜனவரிக் கடைசியில் புழு மருந்து கொடுத்தால் சரியாக இருக்கும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, 4-ஆம் வாரத்தில் மறுபடி சொட்டு, 8 வாரத்துக்குப் பின் இறக்கைக்கு அடியில் ஊசி. அந்த ஊசியைச் சின்னக் குஞ்சுக்குப் போட்டால் ஊசியே நோயைத் தந்துவிடும். தடுப்பூசி மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் கொண்டுவந்து, கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள். தூங்கும் கோழிக்குப் போடாதீர்கள்.

சந்தையில் வாங்கிவரும் புதுக்கோழியை மூன்று வாரமாவது தனியே கட்டிப் போடுங்கள். வந்த மூன்றாம் நாள் புழு மருந்து, அடுத்த வாரம் தடுப்பூசி, மூன்றாம் வாரம் இன்னொரு முறை புழு மருந்து, அப்புறம்தான் கூட்டத்தோடு விடுவது. விற்றவர் ‘எல்லாம் போட்டாச்சு’ என்று சொன்னாலும் சரி.